அம்மா படிக்காத கார்டு

ஜெலுத்தோங், ஜார்ஜ்டவுன், பினாங்கு
செவ்வாய்க்கிழமை காலை

என் மகன் குகனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வாய் வரவில்லை. நீ நலமாக இல்லை, நானும் இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து பதினேழு முறை உன் போனுக்கு அடித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதிய எதையும் நீ திறக்கவே இல்லை. அடுத்த போட்டிக்குத் தாய்லாந்து போய்ச் சேர்ந்தாயா இல்லையா என்பதைக்கூட உன் கோல்ஃப் பை தூக்கும் ஹைருலிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெற்றவளுக்கு இவ்வளவுதானா மரியாதை? பார், பேனாவை எடுத்ததும் திட்ட ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்கு உன்னைத் திட்டும் உரிமை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் கிளப் கமிட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்களிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். அங்கே போய் உளறாமல் இருக்க எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் இக்மல். அவன் அப்பா மீரா சாகிப் அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு நேற்று மத்தியானம் போனேன். எப்போதும் வாசல் வரை நிற்கும் வரிசை இல்லை. கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் யார் யாரோ வந்து, திருட்டுக் கிண்ணம் என்று எழுதிவிட்டுப் போகிறார்களாம். எல்லாம் நீ போட்ட அந்த ஒற்றை வரியால் வந்தது. நண்பன் என்று நம்பிக் கார்டைக் கொடுத்தேன் என்று எழுதினாயே, அதை ஊரே தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பத்து வயதிலிருந்து நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் அவன். அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோழிக் குழம்பைக் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தார், நான் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

செலாட் கிண்ணம் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்தாறு முறை நடந்துவிட்டது. முதலில் தோட்டத்துத் துரைகளும் பேங்க் துரைகளும் தங்களுக்குள் ஆடிக்கொண்டது, பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். இதை ஒரு முறை ஜெயித்தவனை எந்த நாட்டுப் போட்டியிலும் வாசல்வரை வந்து அழைக்கிறார்கள். கிளப் கூடத்தின் மரப்பலகையில் தங்க எழுத்தில் ஐம்பத்தைந்து பெயர்கள். அதில் ஒன்றுகூட பினாங்குக்காரன் பெயர் இல்லை. நம் ஆட்கள் அந்தத் திடலுக்குப் புல் வெட்டவும் பை தூக்கவும் பின்வாசல் வழியாகப் போனவர்கள். இந்த முறை கடைசி நாளில், கடைசி ஜோடியாக நீயும் இக்மலும் நடந்து போனபோது புல் வெட்டுகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள். யார் ஜெயித்தாலும் நம் பிள்ளைதான் என்று உன் அப்பா சொன்னார். எனக்கு அப்படி இல்லை. நீதான் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.

இன்னொன்றும் இந்தக் கிண்ணத்துக்கு மட்டும் உண்டு. கோல்ஃபில் தன் அடிகளைத் தானே கார்டில் எழுதக் கூடாது, கூட ஆடுகிறவன் எழுதுவான். முடிந்ததும் கூடாரத்துக்குள் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கயிற்றைத் தாண்டிவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. குறைத்து எழுதியிருந்தால் ஆட்டத்தை விட்டே நீக்குவார்கள். கூட்டி எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் உன் தலையில், அடி குறைந்தவனுக்குத்தானே வெற்றி. எழுபத்து நான்காம் வருடம் தைவான்காரர் ஒருவர் கிறுக்கல் எழுத்துப் புரியாமல் கையெழுத்துப் போட்டுக் கிண்ணத்தை இழந்தார். அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாராம். அதிலிருந்துதான் இங்கே கார்டு வாங்குகிறவர் பதினெட்டுக் குழிகளையும் ஆட்டக்காரர் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள். எல்லாப் போட்டியிலும் யாராவது சரிபார்ப்பார்கள்தான், ஆனால் இங்கே ஒவ்வொரு எண்ணும் காதில் விழ வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைப் படிக்கும் குரல் என்னுடையது. போன வெள்ளிக்கிழமைகூட ஒரு கொரியாக்காரப் பையனுக்கு ஒன்பதாவது குழி தப்பு என்று படிக்கும்போதுதான் தெரிந்தது. மூன்று முறை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதே வெள்ளிக்கிழமைதான் கமிட்டியின் பெரிய மனிதர் டத்தோ கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, அம்மா கையில் பென்சில் இருக்கும்போது மகனுக்கு என்ன கவலை என்று சிரித்தார். நாலு பேர் கூடச் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விரல் என்னை நோக்கி நீண்டதில்லை. அந்த ஆத்திரத்தில் ஒரு முடிவு எடுத்தேன். குகன் கார்டை நான் தொடமாட்டேன், படிக்கவும் மாட்டேன். ரொஸ்னா வாங்கட்டும். அவள் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. படிக்க வேண்டுமா அக்கா என்று கேட்டாள். நான்தான், இவனுக்கு வேண்டாம், சும்மா வாங்கிப் பெட்டியில் போடு என்றேன்.

இனி பதினாலாவது குழி. காய்ந்த ஓலையை நகர்த்தும்போது பந்து ஆடியது என்று நீயே கையைத் தூக்கினாய். யாரும் பார்க்கவில்லை, நீயாகச் சொன்னாய். அதை டிவியில் பார்த்தபோது எனக்கு இருந்த பெருமையை எழுதத் தெரியவில்லை. நடுவர் வரும்வரை தண்டத்தோடு சேர்த்து ஐந்து என்றே எழுதி வை என்று இக்மலிடம் சொன்னதும் நீதான். அதை மறந்துவிடாதே. நடுவர் படத்தைப் போட்டுப் பார்த்து, பந்து ஆடியது, இடம் மாறவில்லை, தண்டம் இல்லை என்று பதினேழாவது குழியில் வந்து சொன்னார். ஸ்கோர் பலகையில் நான்கு என்று மாற்றினார்கள். இக்மல் கையிலிருந்த உன் கார்டில் ஐந்து அப்படியே இருந்தது. கடைசி இரண்டு குழியில், இரண்டு பேரும் சமமாக நிற்கும்போது, எவனுக்குக் கார்டு ஞாபகம் இருக்கும்? உனக்கு இருந்ததா?

கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தாய். ரொஸ்னா பேனாவை நீட்டினாள். நீ கார்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். சின்ன வயதிலிருந்து உனக்கு அதுதானே பழக்கம், அம்மா மேசையில் இருந்தால் தப்பு இருக்காது என்று. நான் படிப்பேன் என்று காத்திருந்தாய். நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து நின்றேன்.

தம்பி, இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நான் பார்த்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து, தலைகீழாக, பதினாலுக்கு நேரே அந்த ஐந்தைப் பார்த்தேன். தண்டம் போட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு நேர் எதிரே ஸ்கோர் பலகையில் நான்கு என்று இருந்தது. டத்தோ வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால், பார் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்பார்கள் என்று பயந்தேன். சொல்லலாம், சட்டத்தில் இடம் உண்டு, சொல்வதுதான் என் வேலை. ஊர் பேர் தெரியாத பையனுக்குச் சொன்னதை உனக்குச் சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்தாய், நான் சரி என்று தலையை ஆட்டினேன். நீ கையெழுத்துப் போட்டாய். கயிறு வரை பத்து அடி நடந்து போனாய். அந்தப் பத்து அடியும் கையில் தண்ணீர்க் கோப்பையோடு நின்றேன்.

டிரைவர் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, சமமாக நின்றவர்களுக்கான முடிவு ஆட்டத்துக்கு நீ தயாராக நின்றபோது தலைமை நடுவர் பக்கி வண்டியில் வந்து இறங்கி, கார்டில் ஐந்து இருப்பதால் ஓர் அடியில் கிண்ணம் இக்மலுக்கு என்றார். உன் முகம் மாறியதை நான் டிவியில் பார்த்தேன். அதை என் கண் மூடும்வரை மறக்கமாட்டேன்.

இக்மல் எழுதியது மறதி. நான் செய்தது மறதி இல்லை.

மணி பத்தே கால். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

செவ்வாய், மாலை

முடிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர். எனக்கு முன்பே ஓர் அறிக்கையை அடித்து வைத்திருந்தார்கள். பயிற்சியில் இருக்கும் ஊழியரின் கவனக்குறைவு என்று. ரொஸ்னா என்று பெயர் போடவில்லை, ஆனால் கிளப்பில் பயிற்சியில் இருப்பது அவள் ஒருத்திதான். அதில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் அடங்கிவிடும், என் வேலையும் இருக்கும் என்றார் டத்தோ. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிறகு, இந்த மாதிரி படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் வந்த வினைதான் டத்தோ இது என்று சொல்லிவிட்டு, காலையில் உனக்கு எழுதியதை அப்படியே அவர்கள் முன்னால் சொன்னேன். பார்த்தேன் என்பதையும் சொன்னேன். நாளை, புதன் மத்தியானம் என் பெயரோடு அறிக்கை வரும். வேலையை நானே விட்டுவிட்டேன். அதற்குள் ஹைருல் இந்தக் கடிதத்தோடு உன்னிடம் வந்துவிடுவான். போனில் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் நாளைக் காலை முதல் விமானத்தில் அவனை வரச் சொன்னேன்.

முடிவை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது தெரியும். கிண்ணம் இக்மலுக்குத்தான்.

வீட்டுக்கு வந்தால் கிண்ணம் நம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மைலோ டின்னுக்குப் பக்கத்தில், பழைய துண்டில் சுற்றி. நான் இல்லாதபோது இக்மல் கொண்டுவந்து உன் அப்பாவிடம் கொடுத்திருக்கிறான். நல்லவேளை அவன் கிளம்புவதற்குள் வந்துவிட்டேன். உட்கார் என்றேன், உட்காரவில்லை.

"இது குகன் வீட்டுலயே இருக்கட்டும் ஆன்ட்டி. பலகையில என் பேரை எழுதாதீங்கன்னு சொல்லிட்டேன். இனிமே யாரு கார்டும் என் கையால எழுத முடியாது."

இந்த வாரம் தாய்லாந்துக்கும் வரவில்லையாம். பையை அவிழ்த்து வைத்துவிட்டானாம். நான் அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குகனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். சரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் அப்பா புக்கிட் தெங்காவில் காலை ஷிப்ட் முடித்து வந்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "பெத்த புள்ளைய விட அந்த டத்தோ வாய் பெருசாப் போச்சா உனக்கு?" என்றார். பிறகு எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், ஆறிப்போய்விட்டது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அது உன் இஷ்டம், எத்தனை வருடம் ஆனாலும் சரி. நான் கேட்பது வேறு. இதைப் படித்து முடித்ததும் இக்மலுக்குப் போன் பண்ணு. எனக்கு வேண்டாம், அவனுக்கு. புதன் சாயங்காலம் கோலாலம்பூர் வழியாக ஒரு விமானம் இருக்கிறது, ஏறினால் வியாழன் மத்தியான ஆட்டத்துக்கு வந்துவிடலாம். நீ சொன்னால் ஏறுவான், வேறு யார் சொன்னாலும் ஏறமாட்டான். உன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட வரியை எடுத்துவிடு. பலகையில் அவன் பெயரை எழுதச் சொல். ஐம்பத்தாறு முறையில் முதல் பினாங்குக்காரன் பெயர், அது வெற்று இடமாக இருக்கக் கூடாது. பெயிண்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். கிண்ணத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன், வந்து நீயே அவன் கையில் கொடு.

காலையில் வெறும் வயிற்றோடு ஆடப் போகாதே. அந்த ஊர் மிளகாய் உனக்கு ஒத்துக்கொள்ளாது, பார்த்துச் சாப்பிடு. வியாழக்கிழமை கார்டு கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்காதே. உன் வாயால் நீயே படி. பக்கத்திலிருப்பவனுடையதையும் படி.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படிக்காமல் விட்டதை இப்போது படிக்கிறேன். உட்கார்ந்து கேள். முதல் ஒன்பது, முப்பத்து நான்கு. அதில் தப்பு இல்லை. பத்து, நான்கு. பதினொன்று, மூன்று. பன்னிரண்டு, ஐந்து. பதின்மூன்று, நான்கு.

பதினான்கு, நான்கு. நான்குதான் தம்பி. ஐந்து இல்லை, கையெழுத்துப் போடாதே, கொஞ்சம் பொறு.

உன் அம்மா,
சாந்தினி