ஸ்னிப்பி குரைத்த பக்கம்

ரூய்வாட்டர் பண்ணை,
ஊட்ஜோ மாவட்டம், நமீபியா.
ஆகஸ்ட் 19, 1996

அன்பு மகள் சுனெட்டுக்கு,

அம்மா எழுதுவது. உறை கனமாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே. இங்கே எல்லாரும் உயிரோடு, கை கால் சுகத்தோடு இருக்கிறோம். ஆனால் இந்தச் சேதியைப் போனில் சொல்ல முடியாது. நம் போன் கம்பியில் எத்தனை பண்ணைகள் தொங்கிக்கொண்டு ஒட்டுக்கேட்கின்றன என்று உனக்கே தெரியும். பல் வலிக்கிறது என்று டாக்டரிடம் நேரம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் டீனா வந்து, எந்தப் பல் அலெட்டா, கடைவாயா என்று விசாரிக்கிறாள். இந்த விஷயம் அவள் காதுக்குப் போனால் மாவட்டம் முழுக்கப் போய்விடும். அதனால்தான் கடிதம்.

குளிர் இந்த வருடம் பொல்லாதது. காலையில் மாட்டுத் தொட்டியில் பனிக்கட்டியை உடைத்துவிட வேண்டியிருக்கிறது. பெரிய அணையில் சேறுதான் மிச்சம். மழை வர இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது, மாடுகளில் பாதியை விற்றாயிற்று. இப்போது வேட்டைக்கு வரும் விருந்தாளிகளை நம்பித்தான் நம் வீட்டு அடுப்பும் எரிகிறது, அப்பாவோடு சுவடு பிடிக்கப் போகிற எஃப்ராயிம் வீட்டு அடுப்பும் எரிகிறது. நீ போனபோது இருந்த நிலைமை இல்லை.

இந்த மாதம் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பிக்லர் என்று பெயர். மர அறுவை மில் வைத்திருக்கிறார். மனைவி ரோஸ்விட்டா, மகன் ஃபெலிக்ஸ், ஒரு மகள். மகள் இறைச்சியைத் தொடமாட்டாளாம். வேட்டைப் பண்ணைக்கு வந்து இப்படி ஒரு விரதம். என் பூசணிக்காயையும் சோளக் கூழையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அதனால் மன்னித்துவிட்டேன். குடும்பத்திலேயே நன்றாகச் சுடுவது ரோஸ்விட்டாதான். முதல் நாளே ஒரு குடு மானை ஒரே குண்டில் வீழ்த்தினாள். அவர்கள் வழக்கப்படி அதன் வாயில் ஒரு பச்சைக் கிளை வைத்து, தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் நின்றாள். அதன் கடைசி வாய் உணவாம். எஃப்ராயிமுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அப்பாவும் பிக்லரும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். சாயங்காலமானால் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து இருவரும் ஊரே கேட்கக் கத்திப் பேசிச் சிரிப்பார்கள். அப்பா வறட்சியைப் பற்றிப் பேசினால் பிக்லர் தன் லாரியைப் பற்றிப் பதில் சொல்வார். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியவில்லை, ஆனாலும் என்ன சந்தோஷம் பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை ஃபெலிக்ஸ் ஓர் ஓரிக்ஸ் மானைச் சுட்டான். குண்டு பின்னால் தள்ளி வயிற்றில் பட்டுவிட்டது. அது முள்காட்டுக்குள் ஓடிவிட்டது. அடிபட்டதை அப்படியே விட்டுவிட்டு வருவது நம் பண்ணையில் கிடையாது. அப்பா ரேடியோவில் கூப்பிட்டு நாயைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்னிப்பி இப்போது என் பேச்சைத் தவிர யார் பேச்சையும் மதிப்பதில்லை. அதனால் மதியச் சாப்பாட்டையும் நாயையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். இல்லையென்றால் இது எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

முள்காட்டு ஓரத்தில் ஒரு பெரிய கரையான் புற்று இருக்கிறதே, அங்கே என்னையும் ரோஸ்விட்டாவையும் ஃபெலிக்ஸையும் நிற்கச் சொல்லிவிட்டு, அப்பாவும் எஃப்ராயிமும் ரத்தச் சுவட்டைப் பிடித்து முன்னால் போனார்கள். நாயை அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஸ்னிப்பி குரைத்தது. இடது பக்கம், நாங்கள் நின்ற பக்கம். நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினோம். உன் அப்பா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் நடந்தார்.

ஏதோ தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் ஸ்னிப்பி உயிர் பிழைத்தால் போதும் என்று எங்களை நோக்கி ஓடி வந்தது. பின்னாலேயே அந்த ஓரிக்ஸ், தலையைக் குனிந்து கொம்பை நீட்டிக்கொண்டு. நாய் போய் ஒளிந்தது ஃபெலிக்ஸின் காலுக்குப் பின்னால். அவன் மரம்போல நின்றுவிட்டான். எஃப்ராயிம் கத்தினார். அப்பா இன்னும் வலது பக்கம்தான் தேடிக்கொண்டிருந்தார். சுடும்போது துப்பாக்கியைத் தாங்க ஒரு முக்காலிக் கம்பு கொண்டுபோவார்களே, அதை எட்டி வீசி எஃப்ராயிம் அப்பாவின் இடது முழங்கால் மடிப்பில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். அடுத்த நொடி அப்பா திரும்பினார், சுட்டார். ஓரிக்ஸ் அந்தப் பையனிடமிருந்து ஒரு கட்டில் நீளத்தில் விழுந்தது.

பையன் சிரித்தான், பிறகு அழுதான். வண்டியருகே நின்ற பிக்லர் வந்து, உலகத்திலேயே இப்படி ஒரு வேட்டைக்காரர் இல்லை என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பிக்கப்பின் படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் அந்தக் கம்பை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எஃப்ராயிம் அப்பாவை அடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை, சின்ன வயதில் இருவரும் எத்தனையோ முறை சண்டை போட்டு உருண்டு புரண்டவர்கள். அடி விழுந்ததும் அப்பா எதற்கு என்று கேட்காமல் சரியான பக்கம் திரும்பினாரே, அதுதான். அது பழகிய திரும்பல்.

அன்று ராத்திரி ஈரலைப் பொரித்து வைத்தேன். அப்பா தொடவில்லை.

மறுநாள் அவர் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது இடது பக்கமாகப் போய் நின்று, உங்கம்மா சுட்ட ரொட்டி கருங்கல் மாதிரி இருக்கும் என்றேன். முப்பது வருடமாக இந்த ஒரு பேச்சுக்கு அவர் கோபப்படாமல் இருந்ததில்லை. அசையவே இல்லை, கன்னத்தை மழித்துக்கொண்டே இருந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கோபம் வந்தால் சொல்வேனே, இனி என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன்.

நேரே எஃப்ராயிமிடம் போனேன். தோல் கொட்டகையில் உப்பு தடவிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும், சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டார். இடது காது முழுவதும் போய்விட்டதாம். வலது காதில் பாதி இருக்கிறதாம். ஆயுள் முழுக்கத் துப்பாக்கி வெடித்த காதல்லவா. ஒரு காதில் மட்டும் கேட்டால் எல்லாச் சத்தமும் அந்தப் பக்கமிருந்தே வருவதுபோல் இருக்குமாம். அதனால்தான் வலது பக்கம் நடந்தார். இரண்டு பேரும் கம்பில் ஒரு பாஷை வைத்திருக்கிறார்கள். இடது முழங்காலில் தட்டினால் இடது, வலதில் தட்டினால் வலது, முதுகில் குத்தினால் நில்.

"என் முட்டி போச்சு, அவன் காது போச்சு. ரெண்டு கிழடும் சேந்தா ஒரு ஆள் தேறும்லம்மா?" என்றார் எஃப்ராயிம்.

அந்தப் பையன் செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கை நின்றுவிட்டது. பிறகு சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "அதத்தாம்மா நேத்துலேருந்து நானும் நெனச்சுக்கிட்டிருக்கேன். சுனெட்ட வரச்சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு நாய் மூச்சு விட்டாக்கூட கேக்கும்."

இன்னொன்றும் சொன்னார். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். நீ ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் அப்பா எடுத்து, ம், ம் என்றுவிட்டு, அம்மாவிடம் பேசு என்று என் கையில் கொடுத்துவிடுவாரே. இரண்டு வருடமாகிவிட்டது, இன்னும் கோபம் தீரவில்லையா என்று நீ என்னிடம் கேட்டாய். பிடிவாதக்கார மனிதர், விடு என்றேன். நீ வேட்டை வழிகாட்டிப் பரீட்சையில் தேறி வந்த அன்று, பொம்பளை முன்னால் போனால் வருகிறவன் சிரிப்பான் என்று அவர் சொன்னதும், நீ துப்பாக்கி அலமாரியின் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பியதும் எனக்கு மறக்குமா? அந்தக் கோபம்தான் இது என்று நானும் நம்பியிருந்தேன். எஃப்ராயிமிடம் அப்பா சொன்னாராம்: "போன்ல கொய்ங்குன்னு ஒரு சத்தந்தான் வருது. அவ என்ன சொல்றான்னே தெரியல. ஏதாவது கேட்டு, நான் தப்பா பதில் சொல்லி, அவ மனசு நோகக்கூடாதுன்னு குடுத்துடறேன்."

மகளே, உன் குரல் அவருக்குக் கேட்டு இரண்டு வருடமாகிறது. அவர் கோபமாக இருந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போனைக் கொடுத்தது கோபத்தில் இல்லை.

பிக்லர் குடும்பம் கிளம்புகிற அன்று ரோஸ்விட்டா சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "எம் புருஷனும் இதே கேஸுதான். மில்லு சத்தத்துல காது போயிருச்சு. வாயப் பாத்துத்தான் பதில் சொல்லுவாரு" என்றாள். கணப்பைச் சுற்றி அந்த இரண்டு பேரும் பேசிய பேச்சை நினைத்து நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள்: அடுத்த மே மாதம் தங்கை குடும்பத்தையும் அழைத்து வர ஆசையாம், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களாம், காது கேட்காதவர் பின்னால் அவர்களை அனுப்ப மாட்டாளாம். உன் கணவரை வேறு யாரிடமும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னாள். நியாயமான பேச்சு.

அவள் கண் சுவரிலிருந்த உன் படத்தில் நின்றது. யார் என்று கேட்டாள். என் மகள், ஸ்காட்லாந்தில் மான் வேட்டைக்கு வழிகாட்டுகிறாள், மே மாதத்துக்குள் வந்துவிடுவாள், இனி அவள்தான் முன்னால் போவாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. பொய்தான். நாக்கில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்கதவில் அப்பா. என் கெட்ட நேரம், நல்ல காது எங்கள் பக்கம் இருந்தது.

அவர்கள் வண்டி வாசலைத் தாண்டும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "என்னக் கேக்காமச் சொல்லிட்டியே" என்றார்.

"கேட்டா மட்டும் உங்களுக்குக் கேக்கவா போகுது?" என்றேன்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் புற்றிருக்கும் திசையைப் பார்த்து, அந்தப் பையனைக் கொன்றிருப்பேன் அலெட்டா என்று மெதுவாகச் சொன்னார். இனி விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போக மாட்டேன் என்று அவராகவே சொன்னார், நான் வாதாட வேண்டியிருக்கவில்லை. செப்டம்பரில் வர இருந்தவர்களைப் பக்கத்துப் பண்ணைக்கு அனுப்புகிறோம். ஊருக்கு முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் முதுகுவலி என்றே சொல்.

உன்னை வரச்சொல்லி நான் வற்புறுத்தவில்லை. அங்கே உன்னை நம்பி மலையேற ஆட்கள் இருக்கிறார்கள், இங்கே உன்னை வேண்டாமென்றோம். நீ வரவில்லை என்றால் ரோஸ்விட்டாவுக்கு ஓர் உண்மையான கடிதம் எழுதிவிட்டு, இருக்கிற மாடுகளை வைத்துச் சமாளிப்போம். உனக்கு உப்புக்கண்டம் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன், அந்த ஓரிக்ஸ்தான். சுங்கத்தில் பிடுங்காமல் இருந்தால் சரி.

நேற்று அப்பா அலமாரியைத் திறந்து உன் துப்பாக்கியை எடுத்தார். எண்ணெய் போட்டு, தகரப் பலகையில் சுட்டுப் பார்த்தார். நீ சிறுமியாக இருந்தபோது உன் தோளுக்குப் பொருந்துவதற்காகத் துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒரு துண்டை அறுத்தாரே, அந்தத் துண்டு இன்னும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை எடுத்துவந்து மறுபடி ஒட்டுவதற்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குக் கடிதம் எழுதுகிறேன், ஏதாவது சேர்க்கட்டுமா என்று வலது பக்கம் போய்க் கேட்டேன். "முழங்கையிலேருந்து ஆள்காட்டி வெரல் வரைக்கும் அளந்து அனுப்பச் சொல்லு. பசை காய நாளாகும். மே மாசத்துக்குள்ள ஆகணும்" என்றார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அந்த அளவைப் போனில் சொல்லாதே, கண்ணே. அப்பா பெயருக்குக் கடிதமாகவே எழுது. அதை அவர் யார் துணையும் இல்லாமல் படித்துக்கொள்வார்.

என்றும் உன்
அம்மா