கடல் தாண்டிக் கேட்ட விசில்

அப்பா,

சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். சோறு குக்கரில். முட்டையை வெங்காயம் இல்லாமல் பொரித்துக்கொள்ளுங்கள். அம்மா லிஸ்ட் சொன்னால்தான் கடைக்குப் போவேன். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று நேற்று நீங்கள் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை.

காலையில் அம்மா போன் செய்தாள். அங்கே வேலை செய்யும் வீட்டுக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே பேசினாள். நடுவில் நம் குக்கர் விசிலடித்தது. "வாஷர் கிழிஞ்சிருக்குடா, மாத்து" என்றாள். திறந்து பார்த்தேன். கிழிந்துதான் இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாகக் கடல் தாண்டி இருப்பவளுக்குக் கேட்கிறது. கையெடுத்துக் கும்பிடலாமா என்று கொஞ்ச நேரம் குக்கர் முன்னால் நின்றேன்.

அடுத்து, "அப்பா மாடியில போய் இருமறது எத்தனை நாளா?" என்றாள். சத்தியமாக நான் காட்டிக்கொடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன். போய்விடுங்கள். ஆறுக்கு அவள் கூப்பிடுவாள். பொய் சொல்லிப் பார்க்கிற ஆசை இருந்தால் உங்கள் இஷ்டம்.

பி.கு.: போனை வைக்கும்போது, "நீ அழுதியாடா?" என்றாள். வெங்காயம் நறுக்கினேன் என்றேன்.

"வெங்காயம் தீர்ந்து நாலு நாளாச்சேடா" என்றாள்.