மனசுல வச்சுக்காத

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு ஹெப்சிபாவின் ஸ்தோத்திரம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்குச் சுகர் பார்த்தாயா? நான் போன் பண்ணினாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் ஊருக்கு வரும் சதீஷ் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் வார்டில் ஓர் ஓமானித் தாத்தா, மயக்க மருந்து தெளியாமல் தட்டை எறிந்துவிட்டார். என் நெற்றியில் சின்ன வீக்கம்தான், பயப்படாதே. மறுநாள், உங்கள் பாஷையில் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்றார். எனக்குச் சட்டென்று வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் ஞாயிறுதோறும் ‘மன்னியும்’ என்கிறோம். வீட்டில் யார் யாரிடம் சொன்னோம்? ‘பொறுத்துக்கோங்க’ நீ விருந்தாளிகளிடம் சொல்வது. கடைசியில், பக்கத்து வீட்டோடு சண்டை போட்ட மறுநாள் நீ சொல்வாயே, ‘மனசுல வச்சுக்காத தாயி’, அதைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது தரை துடைக்க வருகிற ஆம்பளையிடமும் அதையே சொல்கிறார்!

அப்பாவிடம் இந்தச் சொற்களில் ஒன்றுகூடக் கிடையாது. நான் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்வந்த காலத்தில், என்னைத் திட்டினால் மறுநாள் காலையில் என் ஸ்கூட்டியைத் துடைத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருப்பார். அவர் பேச்சைக் கேட்காமல் இங்கே கிளம்பிய அன்று, அது மாடிப்படிக்கு அடியிலேயே நின்றது. ஆட்டோவில்தான் போனேன்.

சதீஷ் அண்ணன் திரும்பும்போது அவரிடம் இட்லிப்பொடி கொடுத்துவிடு, கொஞ்சம் கூடவே. ஸ்கூட்டியில் பேட்டரி இறங்கிவிடும், அப்பாவை அப்பப்போ ஸ்டார்ட் பண்ணச் சொல். டிசம்பரில் லீவு கிடைக்கும்போல. அதற்குள் வண்டி தெருவைப் பார்த்து நின்றால் ஒரு போட்டோ அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் ஹெப்சிபா