கைப்பிடி வைத்த கணினி

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் மகள் மருத்துவமனையில் மயக்கம் தெளியாமல் கிடந்தபோது நீ அவளுடைய கணினியை உன் மைத்துனனிடம் தூக்கிக் கொடுத்தாய். அதே கையோடு கல்லூரிக்குப் போய் அவள் பெயரையும் எடுத்துவிட்டு வந்தாய். கண் விழித்து அவள் கேட்டபோது, பஸ் கவிழ்ந்ததில் கணினி நொறுங்கிப்போனது என்று பொய் சொன்னாய். மூன்றும் அநியாயம். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

எனக்கு யார் சொன்னது என்று வீட்டில் யாரையும் உருட்டாதே. உன் மைத்துனனே கூப்பிட்டான். என்னக்கா, நீங்க பூட்டின பெட்டி வாயைத் திறக்க மாட்டேங்குது, பாஸ்வேர்டைச் சொல்லுங்க, இல்லேன்னா எல்லாத்தையும் துடைச்சுட்டு விளையாட்டு ஏத்திக்கிறேன் என்று சிரித்தான். தொட்டால் கை இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை பொறு என்று மட்டும் சொன்னேன். அவள் இதுவரை வரைந்த கட்டடங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன. கட்டடக்கலைப் படிப்பின் கடைசி ஆண்டுக்காக வரைந்துகொண்டிருந்த பள்ளிக்கூடமும் பாதியில் இருக்கிறது. வேறெங்கும் பிரதி கிடையாது.

பாகம் பாகமாக வாங்கி நானே அவளுக்குக் கணினி செய்யத் தொடங்கிய அன்றே, துணி தைக்கிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டாய். என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தியது உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் என்பது நினைவிருக்கட்டும். அவளுடைய படங்களைத் திறந்தாலே பழைய மடிக்கணினி திணறி நின்றுவிடும். விடுதியிலோ நாலு பேருக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு முழப் பலகை. அதில் அடங்க வேண்டுமே என்று செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கூடு தேடினேன். முதலில் வாங்கிய விசிறி ஒரு விரற்கடை உயரமாகிப்போய் மூடி மூடவில்லை. மாற்றி வாங்கினேன். மயிரிழை ஒயர்களை, ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கிற இடுக்கியால் செருகினேன். திரையில் முதல் வெளிச்சம் வந்ததும் அவள் என்னைக் கட்டிக்கொண்டு, பட்டனுக்குக் காஜா எடுக்கவும் தெரியுமா அத்தை இதுக்கு என்று கேலி செய்தாள்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் விடுதியைக் காலி செய்து சுமந்து வர வேண்டும். அதனால் என் பழைய தையல் மெஷின் மூடியில் இருந்த இரும்புக் கைப்பிடியைக் கழற்றி, கணினியின் தலையில் முடுக்கிக் கொடுத்தேன்.

மருத்துவமனை வராந்தாவில், எல்லார் முன்னாலும், உன் கைப்பிடிதான் என் பிள்ளையின் விரலைத் தின்றது என்றாய். பஸ் சாய்ந்தபோது அவள் வலது கை அதற்குள் மாட்டாமல் இருந்தால் இரண்டு விரலும் தப்பியிருக்கும் என்றாய். குடித்துவிட்டு ஓட்டிய டிரைவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தாய். இனி என் வீட்டுப் படி ஏறாதே என்றாய். ஏறவில்லை.

ஆனால் ஒன்று கேள். பஸ் எடுத்தது இரண்டு விரலை. படிப்பை எடுத்தது நீ. பிள்ளை சாப்பாட்டைத் தொடாமல், சுவரைப் பார்த்துப் படுத்தபடி இடது கை விரலால் போர்வையில் கோடு கோடாக இழுக்கிறாளாம். உன் மனைவி அழுகிறாள். புத்தி பேதலித்துவிட்டது என்று நீ சொன்னாயாம். அட மடையா, அவள் வரைகிறாள்.

இனி நடக்க வேண்டியது இதுதான். உன் மைத்துனன் ஞாயிற்றுக்கிழமைக்குள் கணினியை, எதையும் அழிக்காமல், உன் வீட்டில் கொண்டுவந்து வைக்க வேண்டும். நீ கல்லூரிக்குப் போய் அவள் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். காலில் விழச் சொன்னால் விழு. சொன்ன பொய்யை உன் வாயாலேயே அவளிடம் திருத்து, மனைவி தலையில் கட்டாதே. மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தி மவுஸை இடது பக்கம் வைப்பது உன் மனைவி பொறுப்பு. பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் போதும், அவளிடம் வேறொன்றும் கேட்காதீர்கள்.

பிறகு ஒரே ஒரு தடவை என்னை உள்ளே விடு. ஸ்குரூ டிரைவரோடு வருவேன். அந்தக் கைப்பிடியைக் கழற்றுவது என் வேலை. வேறு யாரும் அதைத் தொட வேண்டாம்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா