என் பேர் போட்ட உன் ஓடை

மச்சான்,

சின்னத்தம்பியண்ணனின் தேத்தண்ணிக் கடைச் சுவரில் கோதுமை மாப் பசை அன்றைக்கு இன்னும் காய்ந்திருக்கவில்லை. அந்தப் புளித்த மணம் மூக்கில் ஏறும்போதே எனக்கு நெஞ்சு கொதிக்கத் தொடங்கிவிட்டது. நமது தோணிச் சங்கத்துச் செய்தித்தாளை ஒட்டுகிற சுவர் அது. நீ இருந்த காலத்தில் நீயே எழுதுவாய், நீயே பசை காய்ச்சுவாய், நீயே ஒட்டுவாய். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் அன்றைக்கு இரண்டு மாதம். இப்போது புதிய செக்கிரட்டரி றஸீன் மாஸ்டர்தான் எழுதுகிறார். எழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. அதில் இருக்கிற சேதிதான் நஞ்சு.

ஒன்று, ஹஜ்ஜுப் பெருநாள் தோணி ஓட்டத்துக்குச் சேருகிறவர்கள் முன்கூட்டியே பேர் கொடுக்க வேண்டுமாம். இரண்டு, ஆற்று நடுவில் இருக்கிற திடலுக்கு நெய்ச்சோறு ஆக்கித் தின்னப் போகிற பயணத்துக்கு யார் யார் சட்டி பானை கொண்டுவருவது என்று ஒரு வரிசை. மூன்றாவதை இரண்டு தரம் வாசித்தேன். "ஆற்றுவாழையை வெட்டி நமது சங்கத்துக்கு வழி திறந்த தோணி ஓடைக்கு, அதை வெட்டியவரான நமது கெப்டன் காதர் அவர்களின் பேர் சூட்டப்படும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பலகை நடப்படும்."

கெப்டன் காதர் நான். ஓடை உன்னுடையது.

முதல் கோபம் உன்மேல்தான். மௌத்தானவர்களோடு கோபிக்கக் கூடாது என்று பள்ளி லெப்பை சொல்கிறார். அவருக்கு உன்னைப்போல ஒரு மச்சான் வாய்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார். ஒரு மனிதன் இவ்வளவு வேலை செய்துவிட்டு, செய்தது நான்தான் என்று ஒரு சொல் எழுதிவைக்காமல் போவானா? எழுதத் தெரியாதவன் என்றால் சரி. நீ எழுதுவதையே தொழிலாக வைத்திருந்தவன்!

அந்த மாரியை நினைத்துப் பார். பெரிய மழை விட்ட பிறகு, கல்முனைக்கு மேற்கே கிடக்கிற நமது ஆற்றைத் தண்ணீரே தெரியாமல் ஆற்றுவாழை, அந்த மிதக்கிற களை, மூடிவிட்டது. கரையில் நின்று பார்த்தால் விதைத்து ஒரு மாதமான வேளாண்மை மாதிரிப் பச்சையாகக் கிடந்தது. ஊதாப் பூ வேறு. தோணி ஒன்றும் அசையவில்லை. திடலுக்குப் போவதென்றால் தெற்கே அரை நாள் சுற்ற வேண்டும். சங்கத்தைக் கலைத்துவிடுவோம் என்று எல்லாரும் துறையில் கூடிக் கதைத்தபோது, எழும்பி நின்று பேசியவன் யார்? நான். என் பேச்சைக் கேட்டு மருதமுனை நெசவுக்காரர் இருவர் கண்ணைத் துடைத்தார்கள். நிந்தவூரிலும் அதைப் பற்றிக் கதைத்தார்களாம். "நாப்பது நாளையில இந்தக் காதர் ஓடை திறக்காட்டி என்ட மீசைய வழிச்சிப் போடுங்க" என்று சொன்னேன்.

மறுநாள் விடிய தாக்கத்தியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். பச்சைக்குள் இரண்டு கண் தெரிந்தது. அவ்வளவுதான், பாய்ந்து கரையேறிவிட்டேன். ஊருக்கு நான் சொன்ன முதலை பதினெட்டு அடி. அதன் வாலைப் பிடித்து நான் சுழற்றிய கதையை இறக்காமம் வரைக்கும் சொல்கிறார்கள். உனக்குச் சொல்லுகிறேன், நான் கண்டது இரண்டு கண் மட்டும். தவளையாகவும் இருந்திருக்கலாம்.

நீ ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த தாக்கத்தியை வாங்கினாய். "நீங்க கரையில நிண்டு வழி சொல்லுங்க மச்சான், நான் நேரா வெட்டுறனா எண்டு கரையில நிண்டாத்தானே தெரியும்" என்று சொல்லி, ஒற்றை ஆள் தோணியில் ஏறிப் போய்விட்டாய். என் மானத்தை எவ்வளவு பக்குவமாகத் துணியில் சுற்றிக் கையில் தந்தாய் என்பது அன்றைக்கே எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நாற்பது நாளும் சுபஹுத் தொழுதவுடன் நீ போவாய். நான் கரையில் நின்று "இடப்பக்கம்! இன்னும் இடப்பக்கம்!" என்று கத்துவேன். வெயில் ஏறி, கடை திறந்து, நாலு பேர் வருவதற்குள் நீ பள்ளிக்கூடத்து எழுத்து வேலைக்குப் போயிருப்பாய். முழங்கால் வரை சேற்றோடு நிற்பவன் நான்தான். சின்னத்தம்பியண்ணன் தேத்தண்ணியை நீட்டி, "இண்டைக்கு எவ்வளவு கெப்டன்?" என்று கேட்பார். "நூறு முழம்!" என்பேன். பொய் என்று சொல்லமாட்டேன். நூறு முழத்துக்கு என் சத்தம் கேட்டதல்லவா?

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமைகள். எழுத்தறியாத அங்கத்தவர்கள் பாதிப்பேர் என்பதால், ஜும்மா முடிந்து துறைக் கல்லில் எல்லாரும் குந்த, வாரச் செய்தியைச் சத்தமாக வாசிப்பது நமது வழக்கம். எழுதுவது நீ, வாசிப்பது நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் தொண்டைக்கு ஈடான தொண்டை பொத்துவில் வரை கிடையாது. உன் கொப்பியில் எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: "இவ்வாரம் ஓடை இருநூறு முழம் திறக்கப்பட்டது." யார் திறந்தது? ஒன்றும் இல்லை. உப்பில்லாத கஞ்சி மாதிரி. அந்தக் கூட்டத்துக்கு அதை எப்படி மச்சான் அப்படியே வாசிப்பது? "இவ்வாரம் உங்கள் கெப்டன் காதர், முதலைகள் மூன்றைத் துரத்தியடித்து, இருநூறு முழம் திறந்தார்!" என்று வாசிப்பேன். கைதட்டல் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும்.

நீ பக்கத்தில் குந்திச் சிரித்துக்கொண்டிருப்பாய். ஒரு தரம் திரும்பிப் போகிற வழியில் கேட்டேன், உனக்குக் கோபம் இல்லையா என்று. "தோணி பேர் கேட்டா போகுது? ஓடை திறந்தாச் சரி" என்றாய். எனக்கு அது அன்றைக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு நாள் நீ என் வாயைப் பொத்தியிருந்தால் இந்தச் சுவரில் இந்தப் பசை ஒட்டியிருக்குமா?

செய்தித்தாளைப் பார்த்த உடனே மாஸ்டரைக் கடை வாசலில் பிடித்தேன்.

"மாஸ்டர், அத மாத்துங்க. ஓடைய வெட்டினது நான் இல்ல. என்ட மச்சான்."

என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற மாஸ்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காக்கா, மௌத்தானவருக்கு நீங்க குடுக்கிற மரியாத பெரிசு. ஆனா ரெண்டு வருசமா உங்கட வாயாலதானே கேட்டம்?"

"என்ட வாய நம்பினது உங்கட பிழை!"

கடைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னத்தம்பியண்ணன் தேத்தண்ணி ஆற்றியபடியே, "கெப்டன், நீங்க ஒவ்வொரு விடியவும் சேத்தோட நிண்டத நான் இந்த ரெண்டு கண்ணாலயும் கண்டனான். மச்சானக் காணவே இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது அதுதான்.

"கொப்பியக் கொண்டாங்க" என்று கத்தினேன். கொண்டுவந்தார்கள். உன் எழுத்து. இருநூறு முழம் திறக்கப்பட்டது, நூற்றெண்பது முழம் திறக்கப்பட்டது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஓர் இடத்தில் உன் பேர் இருந்தால் போதும், ஒரே ஓர் இடம். உன்னை அந்த நேரத்தில் ஏசிய ஏச்சை இங்கே எழுதமாட்டேன்.

"வேற சாட்சி இருக்கா காக்கா?" என்று மாஸ்டர் கேட்டார்.

இருக்கிறது. உன் பெண்சாதி, என் தங்கச்சி. ஆனால் அவள் புருசனை இழந்தவள் இருக்கிற இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டமாட்டாள். பிற ஆண்கள் முன்னால் வந்து நின்று சாட்சி சொல்லமாட்டாள். கூடப்பிறந்தவன் என்பதால் நான் உள்ளே போகலாம். போனேன். வெள்ளைச் சேலையோடு, அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒரு துண்டில எழுதித் தா. புள்ளைகள்ற வாப்பாதான் வெட்டினவர் எண்டு."

சுளகை நிறுத்தவே இல்லை. "நான் எழுதி, ஆர் வாசிக்கிறது? நீங்களா?"

சுளகுக்கு முன்னால் தரையில் குந்தினேன், மச்சான்.

"நாப்பது நாளும் அவர்ர கை வெடிச்சி வரும். உப்புத் தண்ணி காய்ச்சி ஊத்தினது நான். வெள்ளிக்கிழமையில உங்கட சத்தம் எங்கட அடுப்படி வரைக்கும் கேக்கும். 'காதர் திறந்தார், காதர் திறந்தார்' எண்டு. அவருக்குப் பேர் தேவையில்ல காக்கா. எனக்குத் தேவைப்பட்டது. என்ட புள்ளைகளுக்குத் தேவைப்பட்டது."

"இப்ப என்ன செய்யச் சொல்றாய்?"

"இத்தா முடிஞ்ச நாளைக்கு, நான் புள்ளைகளோட அந்த ஓடையால திடலுக்குப் போகணும். அது மட்டும் செஞ்சி தாங்க."

பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அது எனக்கு அடித்ததைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை. துறைக் கல்லில் வழக்கம்போல என்னிடம்தான் தாளைத் தந்தார்கள். மூன்றாவது சேதி வந்ததும், என் பேர் இருந்த இடத்தில் உன் பேரை வைத்து, ஆறு அதிர வாசித்தேன். ஒரு கணம் எல்லாரும் முழித்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு. "கெப்டன் இண்டைக்கும் கூட்டித்தான் வாசிக்கிறார்!" என்றான் ஒருத்தன். மாஸ்டர் என் காதுக்குள், "எழுதினத வாசிங்க காக்கா" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக நான் உண்மையை வாசித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் புத்தி சொன்னார்கள்.

ஐந்து தோணியில் போனோம். ஓடையின் வாயில் பலகையை அறைந்து நட்டார்கள். பிறகு ஓடை வழியே திடலுக்குப் போவோம் என்று உள்ளே தள்ளினார்கள். முன் தோணியில் நான். கொஞ்ச தூரம் போனதும் கம்பு சிக்கியது. பிறகு தோணி சிக்கியது. இரண்டு பக்கத்து ஆற்றுவாழையும் நடுவில் கைகோத்துக் கிடந்தது. அங்கால் ஓடையே இல்லை.

"என்ன கெப்டன், உங்கட ஓட மூடுதே?" என்று பின்னால் ஒரு குரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான் என்று நான் நினைத்திருந்தேன். நானும் நினைத்தேன், சங்கமும் நினைத்தது. அந்த ஆற்றுவாழைச் சனியன் ஒரு மாதத்துக்குள் திரும்பிவந்து மூடுகிற சாமான். அப்படியென்றால் நாற்பது நாளுக்குப் பிறகும், கரையில் நின்று கத்த ஆள் இல்லாமல், ஒவ்வொரு விடியவும் நீ போயிருக்கிறாய். இரண்டு வருடம். ஓட்டங்களுக்கும் நெய்ச்சோற்றுக்கும் நாங்கள் ஒய்யாரமாகப் போய்வந்த ஒவ்வொரு தடவையும், அன்றைக்கு விடியத்தான் யாரோ அதைச் சீவி வைத்திருக்கிறார்கள். நீ எனக்குக்கூடச் சொல்லவில்லையே! எனக்குச் சொன்னால் அதையும் நான்தான் செய்தேன் என்று வாசித்துவிடுவேன் என்றா? வாசித்திருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு உன் ஒற்றை ஆள் தோணியை எடுத்தேன். ஐம்பது வயதில் முதல் தடவையாக வெட்டுகிறேன். வேர் ஒன்றோடொன்று கயிறு திரித்த மாதிரிப் பின்னிக் கிடக்கிறது; வெட்டிய பாரத்தைத் தோணியில் இழுத்துக் கரையில் போடாவிட்டால் மிதந்து வந்து அதே இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு குமிழிக்கும் முதலை என்று நெஞ்சு இடிக்கிறது. பயம் போகும் என்று நினைத்தேன், போகவில்லை. பயத்தோடேதான் வெட்டுகிறேன். கை வெடித்துவிட்டது. உப்புத் தண்ணீர் காய்ச்சித் தர என் தங்கச்சியைப் போல ஒருத்தி எனக்கு இல்லை. என் வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நான் வெட்டுவதைக் கண்டவர்கள் எல்லாரும், "பாத்தீங்களா, அண்டைக்கும் கெப்டன்தான், இண்டைக்கும் கெப்டன்தான்" என்கிறார்கள். வெட்டினால் உன் பேர் இன்னும் ஆழமாகப் புதைகிறது. வெட்டாமல் விட்டால் உன் ஓடையே போய்விடும், தங்கச்சி கரையில் நிற்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ சிரித்துக்கொண்டு குந்தியிருக்கிறாய். பதினாறு நாளாக, ஓடையின் வாயைக் கடந்துபோகிற ஒவ்வொரு தோணிக்கும் "இது என்ட மச்சான்ட ஓட!" என்று கத்துகிறேன். கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

இன்றைக்குச் சேற்றோடு கடைக்குப் போனேன். சின்னத்தம்பியண்ணன் தேத்தண்ணியை நீட்டி, "இண்டைக்கு எவ்வளவு கெப்டன்?" என்றார்.

"பதினொரு முழம்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. "எவ்வளவு?"

"பதினொண்டு. நேத்து ஒம்பது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"அப்ப," என்றார் மெதுவாக, "மச்சான் வெட்டினவர் எண்டு சொல்ற கதையும் உண்மதானோ?"

"ஓம்" என்றேன். இவ்வளவு சின்னச் சொல்லை இந்தத் தொண்டை இதுவரை சொன்னதில்லை.

தங்கச்சியின் இத்தா முடிய இன்னும் ஐம்பது நாள் சொச்சம் கிடக்கிறது. திடல் வரை இருக்கிற தூரத்தை இன்று கரையில் நின்று பார்த்தேன், மிச்சம் நிறையக் கிடக்கிறது. நாளைக்குப் பன்னிரண்டு வெட்டினால் பன்னிரண்டு என்றுதான் சொல்ல வேண்டும், எட்டு வெட்டினால் எட்டு. இந்தத் தண்டனையை எனக்கு வைத்துவிட்டுப் போனாயே, பாவி மனுசா.