பின்பக்க ஸ்விட்ச்

என்னங்க,

முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. நம் பெண் தவழ்ந்த வீடியோவெல்லாம் இருக்கிற பழைய டிஸ்க் பிழைத்துவிட்டது!

டிஸ்க் தெரியவில்லை என்று நேற்று முழுக்க லேப்டாப்பில் டிரைவர் சாஃப்ட்வேரை நாலு தடவை அழித்து ஏற்றினீர்கள், ஒயரை மாற்றி மாற்றிச் செருகினீர்கள். நானோ, "நீங்கதான் கீழ போட்டிருப்பீங்க, ஒத்துக்கங்க"ன்னு கத்தினேன். காலையில் மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். டிஸ்க்கை மாட்டுகிற அடாப்டருக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். மேசைக்குப் பின்னால் இருக்கிற அதன் ஸ்விட்ச் அணைந்திருந்தது. போட்டேன். டிஸ்க் உறுமிக்கொண்டு சுற்றியது, லேப்டாப்பில் சமர்த்தாக வந்து நின்றது.

அணைத்தது யார் என்று கேட்காதீர்கள். அறையை விட்டுக் கிளம்பினால் எல்லா ஸ்விட்சையும் அணைக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

பத்து மணிக்கு ரிப்பேர்காரர் வருவார். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும் என்றாரே, அவர் கையில் டிஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள். டீ கொடுத்து அனுப்புங்கள். உங்களுக்குச் சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கோபம் தீர்ந்தால் சாயங்காலம் வீடியோ பார்க்கலாம். தீராவிட்டாலும் பார்க்கலாம்.

பி.கு.: இதை வாசல் கதவில் ஒட்டும்போதுதான் உறைத்தது. அந்த அறையை விட்டு வரும்போது ஸ்விட்சை மறுபடியும் அணைத்துவிட்டேன். செருப்பு போட்டாயிற்று, பஸ் வந்துவிட்டது. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்கக் கூடாது.