என்னைக் கூப்பிடாத வார்டு

ஜூன் 3

கொரோனா வார்டில் ஒரு வென்டிலேட்டர்கூடப் பழுதில்லை. ஆனால் விடிந்ததிலிருந்து கூப்பிட்டபடியே இருக்கிறார்கள். அலாரம் அடித்தால் நர்ஸ்களின் கை மெஷினுக்குப் போவதில்லை, போனுக்குப் போகிறது. ஒருத்தி குழாய் கழன்றதற்குக் கூப்பிட்டாள். கழன்றதை மாட்டவா நான் மருத்துவக் கருவிப் பொறியியல் படித்தேன்? கவச உடை மாட்டவே கால் மணி நேரம் ஆகிறது. உள்ளே போனால் வேலை அரை நிமிடம்.

"கத்துக்குடுத்தா கூப்பிட மாட்டோம்ல, தம்பி" என்றார் ஹெட் நர்ஸ்.

"கத்துக்குடுக்குற நேரத்துல நானே செஞ்சுட்டுப் போயிடுவேன் சிஸ்டர்."

உண்மைதானே.

ஜூன் 6

மனைவி பேசினாள். நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே விடுதி அறையில், அவள் அவளுடைய அம்மா வீட்டில். மார்ச்சிலிருந்து இப்படித்தான். ஜூலை முதல் வாரம் பிரசவம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். அங்கே போகும் முன் ஒரு வாரம் தனிமையில் இருந்து, தொற்று இல்லை என்று முடிவும் வந்தாக வேண்டும். ஆக, இருபத்திரண்டாம் தேதிக்குள் வார்டை விட்டுக் கிளம்பியே ஆக வேண்டும்.

தலைமை டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா போ. உனக்குப் பதிலா ஆளைக் காட்டிட்டுப் போ" என்றார். எங்கள் பிரிவில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் தொற்றில் படுத்துக் கிடக்கிறார், மற்றவர் வேலையை விட்டே ஓடிவிட்டார். ஆளைக் காட்ட நான் என்ன மந்திரவாதியா?

மனைவியிடம் சொன்னேன்.

"உலகத்துல மெஷின் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானா?"

"இந்த வார்டுல ஆமா."

"இத வருத்தமா சொல்றியா, பெருமையா சொல்றியா?"

கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 9

தூங்கினேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 12

மூன்றாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். சளி கெட்டியாகிவிட்டது, போகிற காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் குடுவையை மாட்டுங்கள் என்றார் டாக்டர். புது நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். நான் கேன்டீனில், வாய் நிறையச் சாப்பாடு. "குடுவைய மாட்டு, சூட்டை முப்பத்தேழுல வை, அவ்ளோதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான் இல்லை. குடுவையை மாட்டினால், குழாயில் ஏற்கெனவே இருக்கும் சின்ன ஃபில்டரைக் கழற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஃபில்டர் தண்ணீரைக் குடித்து ஊறி அடைத்துக்கொள்ளும். காற்றுப் போகாது. இது எனக்கு அவ்வளவு பழகிய விஷயம். அதனால்தான் வாயில் வரவே இல்லை.

அலாரம். நுரையீரல் மோசமாகிறது என்று நினைத்தார் டாக்டர். மெஷின் கோளாறு என்று நினைத்தார்கள் நர்ஸ்கள். நான் உடை மாட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த மனுஷனுக்கு ஆக்சிஜன் இறங்கி இறங்கி... ஹெட் நர்ஸ்தான் மெஷினைக் கழற்றிவிட்டுக் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் பிழைத்தது அதனால். நான் போய் ஃபில்டரைப் பிடுங்கினேன். நனைந்த பஞ்சுபோல கனத்தது.

புது நர்ஸைத் திட்ட வாயைத் திறந்தேன். ஹெட் நர்ஸ் முந்திக்கொண்டார்.

"நீங்க சொன்னதத்தான் அவ செஞ்சா. சொல்லாதத எப்படிச் செய்வா?"

அந்த ஃபில்டரை நானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

ஜூன் 13

டிரைவர் தேறி வருகிறார். நானே போய் ஹெட் நர்ஸிடம் கேட்டேன். "சிஸ்டர், சொல்லித்தரட்டுமா?"

"இப்பவாச்சும் தோணுச்சே. ஒரே ஒரு கண்டிஷன். மெஷின் மேல உங்க கை படக் கூடாது."

ஜூன் 16

காலி அறையில் வகுப்பு, ஹெட் நர்ஸையும் சேர்த்து ஐந்து நர்ஸ்கள். நோயாளிக்குப் பதில் ஒரு ரப்பர் பை. நான் ஒரு கோளாறை வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இன்று குழாயில் கசிவு. ஹெட் நர்ஸ் மேலே தடவுகிறார், கீழே தடவுகிறார், கசிவு அவர் மூக்குக்கு நேரே. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, ஓரடி வைத்தேன். "கை" என்றார், திரும்பாமலே. பின்னால் கட்டிக்கொண்டேன். பழுது பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா, இதல்லவா வேலை.

"சார், நீங்க திட்டும்போதுகூட பரவால்ல. திட்டாம நிக்கிறதுதான் பயமா இருக்கு" என்றாள் புது நர்ஸ். சிரிப்பு அடங்க நேரமானது. எனக்கும்தான்.

ஜூன் 18

"கரன்ட் போயி பேட்டரில ஓடுதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டாள் அதே பெண். நல்ல கேள்வி. இவ்வளவு நாள் கேட்க விட்டிருந்தால்தானே.

ஜூன் 21

தலைமை டாக்டர் பார்க்க வந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே. அவர் இஷ்டத்துக்கு வைத்த கோளாறுகளை நர்ஸ்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். ஊறிய ஃபில்டரை மூச்சுவிடும் நேரத்தில்.

"யாரைக் காட்டப்போறே?"

"அஞ்சு பேரக் காட்டுறேன் சார்."

"கிளம்பு."

ஜூன் 25

தனிமை. போன் அடிக்கவே இல்லை. சார்ஜ் இருக்கிறதா பார்த்தேன், இருக்கிறது. சிக்னலும் இருக்கிறது. பொறுக்காமல் நானே கூப்பிட்டேன்.

"எல்லாம் ஓடுதா சிஸ்டர்?"

"ஓடாம? டிரைவரோட மெஷினக்கூட இன்னிக்கு எடுத்தாச்சு, தானா மூச்சு விடுறாரு. வைங்க தம்பி, வேலை கெடக்கு."

சந்தோஷம். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

ஜூன் 29

தொற்று இல்லை. மதியம் கிளம்புகிறேன்.

ஜூலை 4

பெண் குழந்தை. இருவரும் நலம்.

பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஏதோ மெஷின் கத்தியது. எழுந்துவிட்டேன். "உக்காருங்க மாப்பிள்ளை. அத பாக்க உள்ள ஆள் இருக்கு" என்றார் அத்தை. உட்கார்ந்தேன்.

ஜூலை 6

குழந்தையைத் துணியில் சுற்றக் கற்றுக்கொள்கிறேன். மனைவியே நேற்றுத்தான் கற்றுக்கொண்டாள். நான் எப்படிச் சுற்றினாலும் ஒரு கால் வெளியே வந்து என்னை உதைக்கிறது. அவள் தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பிடுங்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

மறுபடி அவிழ்த்துப் போட்டேன்.

"இந்த மூலைய எங்க சொருகணும்? மெதுவா சொல்லு."

முதலிலிருந்து சொன்னாள்.